தனகோட்டி பிசைந்த மண்

எங்கள் டவுன்ஷிப்பில் இருபத்தெட்டு வீடுகளுக்கு நான் போவதில்லை. கல்யாணம் என்றால் மண்டபத்தோடு திரும்பிவிடுவேன். கொலுவுக்குக் கூப்பிட்டால் மூட்டுவலி என்று சொல்லிவிடுவேன். புஷ்பவல்லி டீச்சருக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசிவிட்டுப் போகட்டும். அந்த வீடுகளில் டிவிக்குப் பக்கத்திலோ சாமி அலமாரியிலோ ஒரு சின்ன மண் கிண்ணம் இருக்கும். உள்ளே சாவி, ஹேர்பின், குங்குமப் பொட்டலம் என்று எதையாவது போட்டு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து காபி குடிக்க என்னால் முடியாது.

அந்தக் கிண்ணங்களுக்கு மண் பிசைந்தவள் தனகோட்டி. எங்கள் மழலையர் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் அவளைப் பற்றி வேறு யார் எழுதப் போகிறார்கள்?

தனகோட்டிக்கு ஊர் வேலங்கொல்லை. அப்படி ஓர் ஊர் இப்போது இல்லை. பிறந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அதே ஊரில்தான். சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. நடவு, களை, முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குவது என்று வளர்ந்தவள். புருஷன் பேர் பாவாடை. சுரங்கத்துக்காக ஊரை எடுத்தபோது எல்லோரையும் போல மாற்று இடத்துக்குப் போய் ஓட்டு வீடு கட்டிக்கொண்டார்கள். பாவாடை மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி ஆனார். இவள் எங்கள் பள்ளிக்கு வந்தாள்.

ஒல்லியான உடம்பு, நல்ல உயரம், கணீரென்ற குரல். பிள்ளைகளை அவள் கூப்பிடும் அழகே தனி. மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கும் எந்தப் பிள்ளையையும் "வாங்க கலெக்டரே, மூஞ்சி கழுவிக்கினு ஆபீசு போவலாம்" என்றுதான் அழைப்பாள். நான் கோபக்காரி. சாக்பீஸ் உடைந்தாலும் கத்துவேன். நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்து, "டீச்சருக்கு டீ ஒண்ணு போடட்டுமா, தொண்ட காஞ்சிருக்கும்" என்பாள். அதற்குமேல் எப்படிக் கத்துவது?

அவளுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் மனசு கஷ்டப்படும் என்று நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தானே புயல் அடித்து ஒரு வருஷம் கழிந்திருந்தது. பிப்ரவரியில் ஆண்டு விழா. யு.கே.ஜி. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் கையால் செய்த பரிசை மேடையில் வைத்து அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். அது என்னுடைய யோசனை. கைவேலை டீச்சர் என்று பெயருக்கு இருக்கிறேனே, வருஷத்துக்கு ஒரு நல்ல காரியமாவது செய்ய வேண்டாமா? முந்தின வருஷமும் மண் கிண்ணம்தான் செய்தோம். மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கம் ஓர் ஏரியிலிருந்து மண் எடுத்து வந்தோம். தனகோட்டி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாக்கை விரித்து மண்ணைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, காலால் மிதிமிதியென்று மிதித்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று கை தட்டினார்கள். அரை மணி நேரத்தில் மண் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் நின்றது. என் வீட்டுக்காரர் நல்லசாமி மைன்ஸில் ஃபோர்மேன். "மண்ணுக்கா பஞ்சம்? நாங்க தினம் மலை மலையா வெட்டிக் கொட்டறோம்" என்றார். பள்ளியின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்து, கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, மூன்று சாக்கு மண் கொண்டு வந்தார். கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை மைன்ஸ்காரர்கள் ஓபி என்பார்கள். கரி வேண்டும் என்றால் முதலில் அதை அப்புறப்படுத்தியாக வேண்டும். அவர்களுக்கு அது மண்கூட இல்லை, ஒரு தடை.

காலை ஏழு மணிக்கு நைட் ஷிப்ட் முடித்த கையோடு சாக்குகளைப் பள்ளியின் பின்பக்கம் இறக்கினார். தனகோட்டி ஒரு கை பிடித்தாள். சாக்கின் வாயைப் பிரித்துக் கொஞ்சம் மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்ல மண்ணுங்க சார். எங்கேருந்து எடுத்தாந்தீங்க?"

"வடக்குப் பக்கம் புதுசா வெட்டறோம்மா. முதல் பெஞ்ச், மேல் மண்ணு. வேலங்கொல்லைன்னு ஒரு ஊரு இருந்துதில்ல? அதுக்கு மேற்கால ஒரு மேடு."

"அப்படிங்களா" என்றாள். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, சாக்கு ஏற்றி வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார். நான் வருகைப் பதிவேட்டைத் தேடப் போய்விட்டேன். அவள் அந்தக் கைப்பிடி மண்ணோடு எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று எனக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், அம்மணி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கையால் பிசைந்துகொண்டிருக்கிறாள். மூன்று சாக்கு மண். அதில் கால்வாசிகூட ஆகவில்லை.

"என்ன தனகோட்டி இது? மிதிச்சா அரை மணி வேலை."

"கால் வைக்கலிங்க டீச்சர். கையாலயே பெசஞ்சிடுறேன்."

"ஏன், உன் காலு தேஞ்சிருமா?"

வழக்கமாக இதற்கு ஒரு பதிலடி வரும். வரவில்லை. குனிந்த தலை நிமிராமல் பிசைந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேலையை இழுத்தடிக்கிறாள் என்றே நினைத்தேன்.

மூன்று நாள் பிசைந்தாள். மண்ணில் வந்த கல், வேர்த்துண்டு, ஓட்டுச்சில்லு ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு செய்தித்தாளில் வரிசையாக வைத்தாள். ஒன்றையும் தூக்கி எறியவில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். கை கழுவின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வேப்பமரத்தடிக்கு எடுத்துப் போனாள்.

"என்ன, பூஜையா பண்ற?" என்றேன்.

"ஆமான்னு வச்சிக்குங்க" என்றாள்.

பிள்ளைகள் கிண்ணம் செய்த நாள் ஒரு புதன்கிழமை. ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை. அதைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, மண்ணைத் தட்டையாகத் தட்டி அதன்மேல் படிய வைத்து அழுத்த வேண்டும். கொஞ்சம் இறுகியதும் சிரட்டையை உருவிவிட்டால் கிண்ணம் வந்துவிடும். பிறகு விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் அமுக்கினால் பூ இதழ் மாதிரி ஆகும். வேப்பிலையை ஒட்டி எடுத்தால் நரம்போடு பதியும். சீப்பால் கோடு போடலாம். துவரம்பருப்பால் புள்ளி வைக்கலாம்.

இருபத்தெட்டு பிள்ளைகளும் சத்தம் போடாமல் வேலை செய்தார்கள். அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. களிமண் என்றால் முந்தின வருஷம் ஒருவர் தலையில் ஒருவர் பூசிக்கொண்டவர்கள் இவர்களுடைய அண்ணன் அக்காமார்கள். இவர்கள் என்னவோ தூங்கும் வீட்டில் நடமாடுவது போல நடந்துகொண்டார்கள். தனகோட்டி குனிந்து ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் ஏதோ சொல்லிக்கொண்டே போனதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது.

விஷ்ணு என்று ஒரு வாண்டு. விளிம்பைக் கிள்ளப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"ஆயாம்மா, கிள்ளினா இதுக்கு வலிக்குமா?"

பிள்ளைகள் ஆயிரம் கேட்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. தனகோட்டி சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"வலிக்காது கண்ணு. மெதுவா கிள்ளு. உன்னவிட சின்னப் புள்ள அது."

அவன் தலையாட்டிவிட்டு மெதுவாகக் கிள்ளினான். "பிள்ளைங்களைப் பயமுறுத்தாதே" என்று அவளை அதட்டினேன். எந்தப் பிள்ளையும் பயப்படவில்லை. பயந்தது நான்தான்.

கிண்ணங்களைப் பின் வராந்தாவில் பலகை போட்டு நிழலில் உலர வைத்தோம். ஒரு வாரம் உலர வேண்டும். தனகோட்டி பள்ளி திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரே பக்கம் காய்ந்தால் விரியும் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பாள். ஐந்தாம் நாள் பிள்ளைகள் போன பிறகு, எனக்கு டீ கொண்டு வந்து கொடுத்தவள் போகாமல் நின்றாள்.

"டீச்சர், இத சுடுவீங்களா?"

"சுட்டாத்தானே கிண்ணம்?"

"சுட வேணாங்க."

"ஏன்?"

அப்போதுதான் சொன்னாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பேர் பொற்கொடி. கொடி என்று கூப்பிடுவார்கள். மூன்று நாள் காய்ச்சல். பண்ருட்டி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது மடியிலேயே போய்விட்டது. மூன்று வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஊருக்கு மேற்கே மேட்டில் புதைத்தார்கள். பெரியவர்கள் என்றால் கல் நடுவார்கள், சிலர் மேடை கட்டுவார்கள். குழந்தைக்கு ஒன்றும் வைக்கிற வழக்கம் இல்லை. நாய் பறிக்காமல் இருக்க இலந்தை முள் வெட்டிப் போட்டதோடு சரி.

"அஞ்சு வருசம் கழிச்சி ஊர எடுக்கறாங்கன்னாங்க. பொதச்சவங்க எலும்ப எடுத்துக்கினு போவறதுன்னா எடுத்துக்கினு போங்கன்னு நோட்டீசு குடுத்தாங்க, நாளும் குடுத்தாங்க. அவங்கமேல கொற சொல்ல மாட்டேன். எல்லாரும் தோண்டி எடுத்துக்கினு போனாங்க. எங்க வூட்டுக்காரருக்கு எடம் தெரியல டீச்சர்."

"தெரியலன்னா?"

"புளிய மரத்துலேருந்து ஒம்போது அடின்னு வச்சிருந்தாரு. மரத்த வெட்டிட்டாங்க. தூரும் இல்ல. நாலு எடத்துல தோண்டுனாரு. ஒண்ணும் ஆப்புடல. சாயங்காலம் வெறுங்கையோட வந்து நின்னாரு. அந்த மனுசன நான் அன்னையிலேருந்து கேக்காத நாள் இல்ல. எங்க வச்ச, எங்க வச்சன்னு. சோத்துல கை வச்சிருக்கறப்பகூட கேட்டுருக்கேன்."

டீ ஆறிவிட்டது. நான் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"அந்த மேட்டு மண்ணு இது" என்றாள்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது நான் அதட்டுவேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. "அந்த மேடு எவ்வளவு பெரிசு? சார் அள்ளினது மூணு சாக்கு. அதுல உன் குழந்தை எப்படி இருக்கும்? சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்றேன்.

"இருக்குதுன்னு நான் சொல்லல டீச்சர்" என்றாள். "இல்லன்னு நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பச்சப் புள்ளைய நெருப்புல வைக்க மாட்டாங்க இல்லிங்களா? உங்க ஊர்லயும் வைக்க மாட்டாங்கதான?"

வைக்க மாட்டார்கள். கரூர்ப் பக்கம் என் சின்னம்மாவின் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

"சரி, சுடல. போதுமா?"

கையை நீட்டினாள். அவள் உள்ளங்கையில் என் கையை அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தக் கை பிசைந்து பிசைந்து வெடித்துச் சொரசொரவென்று இருந்தது.

அன்றிலிருந்து எனக்கும் பிடித்துக்கொண்டது. நகக்கண்ணில் மண் இருப்பதாகத் தோன்றும். சோப்புப் போட்டுக் கழுவுவேன், சாப்பிட உட்காரும்போது மறுபடி தோன்றும். ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தேன். நல்லசாமி, "என்ன, துரைசாணி ஆயிட்டே?" என்று கிண்டல் செய்தார். சொல்லலாமென்று வாயெடுத்தேன். பாவம், அவர் தெரிந்தா அள்ளினார்? விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை ஜானகியம்மாள் கூப்பிட்டார். முந்தின வருஷக் கிண்ணங்களை வெயிலில் காயவைத்ததோடு விட்டிருந்தோம். ஓர் ஆபீசர் வீட்டம்மா அதில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட, கிண்ணம் கரைந்து மேஜை விரிப்பெல்லாம் சேறாகிவிட்டது. அந்தம்மா போனில் அரை மணி நேரம் பேசினாராம்.

"இந்த வருஷம் சுட்டுத்தான் ஆகணும் புஷ்பா. பிள்ளைங்க குடுக்கறது வருஷக்கணக்கா நிக்க வேணாமா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஜானகியம்மாள் கல்நெஞ்சுக்காரர் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஆயா ஒருத்தி இப்படிச் சொல்கிறாள் என்று அந்த அறையில் நின்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சிரித்துவிடுவாரோ என்று பயம். இன்னொன்றும் உண்டு, மறைக்க மாட்டேன். அந்தக் கிண்ணங்கள் அவ்வளவு அழகாக வந்திருந்தன. அவை நிலைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. வேறு மண் கொண்டு வந்து மறுபடியும் செய்திருக்கலாமே என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. தனகோட்டி வரமாட்டாள். நான் சாவி வாங்கித் திறந்து, இருபத்தெட்டு கிண்ணங்களையும் வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, ஆட்டோவில் குள்ளஞ்சாவடிக்குக் கொண்டு போனேன். அங்கே ஊருக்கு வெளியே அய்யனார் என்பவர் சூளை வைத்துப் பானை சுடுகிறார். பெட்டிகளை அவரிடம் கொடுத்துவிட்டு அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன். சூளை மூட்டும்வரைகூட நிற்கவில்லை. வழியெல்லாம், மண்தானே, மண்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை போய் எடுத்து வந்தேன். ஒன்றுகூட விரியவில்லை. சுட்ட மண் சிவந்து கிடந்தது. பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் வீட்டில் வைத்தே உள்ளே, வெளியே, அடியிலே ஓர் இடம் விடாமல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன்; பெயிண்ட் அடிக்கத்தான் எடுத்துப் போனேன் என்று தனகோட்டியிடம் சொன்னேன். அதன்மேல் பிள்ளைகள் கலர் புள்ளி வைத்தார்கள். தனகோட்டி பக்கத்தில் வரும்போதெல்லாம், "பெயிண்ட் ஈரம், தொடாதே" என்று விரட்டினேன். அவள் என்னை நம்பி விலகிப் போனாள். அந்த நான்கு நாளும் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆண்டு விழா அன்று காலை, பூக்கூடையோடு ஹாலுக்குள் நுழைந்தேன். தனகோட்டி மேடையோரம் நீள மேஜையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்ணாடி வளையல் ஒரு கிண்ணத்தின் விளிம்பில் பட்டது. டிங்கென்று ஒரு சத்தம்.

பச்சை மண் அப்படிச் சத்தம் போடாது. சுட்டது மட்டும்தான் மணி மாதிரி பேசும்.

அவள் அப்படியே நின்றாள். பிறகு அந்தக் கிண்ணத்தை விரலால் சுண்டினாள். டிங். பக்கத்துக் கிண்ணம். டிங். மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போனாள். இருபத்தெட்டையும் விடவில்லை. கையிலிருந்த கூடையை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.

கடைசிக் கிண்ணத்துக்குப் பிறகு திரும்பினாள்.

"சுட்டுட்டீங்களா டீச்சர்?"

நல்ல வெயிலில் காய்ந்தது என்று ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்.

"ஆமா."

"எங்க வச்சி?"

"குள்ளஞ்சாவடியில. அய்யனார்னு ஒருத்தர் சூளை."

"நீங்க கூட நின்னீங்களா?"

"இல்ல. குடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்ப யாருமே இல்லியா" என்றாள். கேள்வியாகக்கூடச் சொல்லவில்லை.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் மேஜையையே கவிழ்த்திருப்பேன். அவள் முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"கொடியப் பொதச்ச அன்னைக்கு பொம்பளைங்க வரக்கூடாதுன்னு என்ன வூட்டுலயே புடிச்சி வச்சிக்கினாங்க. நாலு பேரு அழுத்திப் புடிச்சிக்கினாங்க. வாசலத் தாண்ட வுடல. அவரு ஒருத்தருதான் போனாரு, அவரு ஒருத்தருக்குத்தான் எடம் தெரியும்னு ஆச்சி." குரல் உயரவில்லை. "இப்ப என்ன யாரு புடிச்சிக்கினு இருந்தா டீச்சர்? சுடப் போறேன்டின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் வந்து பக்கத்துல நின்னுருப்பேனே."

"மன்னிச்சிடு தனகோட்டி."

"எனக்கு மனசு வரலிங்க" என்றாள்.

விழா நடந்தது. திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பியது தனகோட்டிதான். "ரெண்டு கையாலயும் புடிச்சிக்க கண்ணு, கீழ போட்டுடாத" என்று இருபத்தெட்டு தடவை சொன்னாள். அம்மாக்கள் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை முத்தமிட்டார்கள். காயத்ரியின் அம்மா கிண்ணத்தைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். நான் மேடைக்குக் கீழே எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினேன்.

எல்லோரும் ஸ்கூட்டரிலும் காரிலும் ஏறிப் போன பிறகு தனகோட்டி என்னிடம் வந்தாள். நாற்காலிகளை மடக்கி முடித்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழம என்ன அங்க கூட்டிக்கினு போறீங்களா?" என்றாள்.

வடலூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து கடலூர் பஸ். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனோம். குள்ளஞ்சாவடியில் இறங்கி நடந்தோம். வழியில் ஒரு கடையில் அவள் பால் பாக்கெட் ஒன்றும் பொரி உருண்டை இரண்டும் வாங்கிக்கொண்டாள்.

அய்யனார் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தில் ஏதோ குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்தார். நான் ஏதேதோ சொல்லி உளறினேன். தனகோட்டி என்னைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணே, இந்த டீச்சரு குடுத்துச்சே சின்னச் சின்ன கிண்ணம், அத சூளையில எந்த எடத்துல வச்சீங்க?"

"வட ஓரம். பானைய அடுக்கிட்டு அதுமேல வச்சேன். சின்ன சாமானுக்கு அனலு பாத்துத்தான் வைக்கணும். ஏன் தாயி?"

"எடத்தக் காட்டுறீங்களா?"

சூளை ஆறிக் கிடந்தது. வட்டமான மண்சுவர், உள்ளே சாம்பலும் ஓட்டுச்சில்லும். அவர் சுவரைத் தாண்டி இறங்கி, குனிந்து ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கதான்."

"நல்லாத் தெரியுமா? அந்தாண்ட இந்தாண்ட இல்லியே?"

"என் கையால வச்சேன். எனக்குத் தெரியாதா? இங்கதாம்மா."

தனகோட்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். அவர் விரல் வைத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். பாலை ஊற்றவில்லை, உருண்டையை வைக்கவில்லை, அழவும் இல்லை. கையை எடுக்காமலே மறு கையால் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். பட்டன் போன். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினாள். பாவாடைக்குத்தான். அவர் ஷிப்டில் இருந்திருக்க வேண்டும், பின்னால் மெஷின் இரைச்சல் எனக்கே கேட்டது.

"நான்தான். காது கேக்குதா? கொடி எடம் தெரிஞ்சிடுச்சி." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆமா. நல்லாத் தெரியும். ஒரு ஆளு கைய வச்சிக் காட்டுறாரு. இனிமே உன்ன கேக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அய்யனார் பீடியைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். தனகோட்டி போனை என் பக்கம் நீட்டினாள்.

"எந்த பஸ் ஏறணும்னு கேக்குறாரு. நீங்களே சொல்லுங்க டீச்சர், உங்களுக்குத்தான வழி தெரியும்."

வாங்கிக் காதில் வைத்தேன். ஓர் ஆண் மூச்சைப் பிடித்துப் பிடித்து அழுதுகொண்டிருந்தார். வடலூர் வந்து கடலூர் பஸ் ஏறுங்க, குள்ளஞ்சாவடியில இறங்குங்க, நான் ரோட்டுல வந்து நிக்கறேன் என்றேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.